மாற்றலாமா, தொடக்கூடாதா: தினசரி வாட்ச்சும் சேகரிப்பு வாட்ச்சும்

வாட்ச் வாங்கப் போகிறவர் விலையை யோசிப்பதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். நாளை அதில் ஒரு பாகம் கெட்டால், மாற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளப் போகிறீர்களா, அல்லது அசல் பாகங்கள் எதையும் இழக்காமல் காப்பாற்றப் போகிறீர்களா? முதல் பதில் என்றால் அது தினசரி வாட்ச். இரண்டாவது என்றால் சேகரிப்பு வாட்ச். விலை இந்த இரண்டையும் பிரிப்பதில்லை. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய எச்.எம்.டி. சேகரிப்புப் பொருளாக இருக்கலாம்; பத்து லட்ச ரூபாய் ரோலக்ஸைத் தினமும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. கீறலுக்குப் பாலீஷ், மங்கிய டயலுக்குப் புது வண்ணம், துருப்பிடித்த முள்ளுக்குப் பதில் புது முள் என்று செய்யும் எதுவும் தினசரி வாட்ச்சுக்குப் பராமரிப்பு. சேகரிப்பு வாட்ச்சுக்கோ அதே வேலைகள் விலையைப் பாதியாக்கும் சேதம். ஏமாறுகிறவர்களில் பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

நேரம் காட்டுவதில் யார் பெரியவர்

சரியான நேரம்தான் தேவை என்றால், பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1989 முதல் விற்பனையில் இருக்கும் காசியோ எஃப்-91டபிள்யூ மாதத்துக்கு 30 நொடிக்குள் கூடவோ குறையவோ செய்யும் என்று நிறுவனம் சொல்கிறது. ரோலக்ஸ் தன் வாட்ச்களுக்குச் சொல்லும் கணக்கு நாளுக்கு 2 நொடி. அதாவது மாதத்துக்கு 60 நொடிவரை. ஸ்விட்சர்லாந்தில் துல்லியத்தைச் சோதிக்கும் அமைப்பான சீஓஎஸ்சியின் சான்று பெறும் மெஷினை 15 நாள், 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள். அதில் தேற, நாளுக்குச் சராசரியாக 4 நொடி குறைவிலிருந்து 6 நொடி கூடுதல்வரை இருந்தால் போதும். கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் ரகமான சீக்கோவின் 4ஆர்36 மெஷினுக்கு அந்த நிறுவனமே தரும் எல்லை, நாளுக்கு 35 நொடி குறைவு முதல் 45 நொடி கூடுதல்வரை. வீட்டில் பார்த்தால் பெரும்பாலும் இதைவிட நன்றாகவே ஓடும்.

காரணம் எளிது. செல் வாட்ச்சில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இயந்திர வாட்ச்சின் சமநிலைச் சக்கரம் நொடிக்கு 5, 6 அல்லது 8 முறை தட்டுகிறது. அதுவும் கையின் சாய்வு, வெப்பம், எண்ணெயின் வயது எல்லாவற்றுக்கும் அசைந்துகொடுக்கும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான சீக்கோ ஆஸ்ட்ரானின் விலை 4,50,000 யென். அன்று ஆடம்பரம் என்பது துல்லியம். இன்று அந்தத் துல்லியம் பெட்டிக்கடைப் பொருள். ஆடம்பரம் மெல்ல ஓடும் பல்சக்கரங்களுக்குப் போய்விட்டது.

தினசரி வாட்ச்: வாங்கும்போது

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள். மணிக்கட்டைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்தால் 16 முதல் 17 செ.மீ. வருகிறவர்களே அதிகம். அந்த அளவுக்கு, பட்டை மாட்டும் மேல் கொம்பிலிருந்து கீழ்க் கொம்புவரை 48 மி.மீ.க்கு மிகாத வாட்ச் சரியாக உட்காரும். விளம்பரத்தில் போடுவது கேஸின் விட்டத்தை மட்டும்தான். 40 மி.மீ. வாட்ச்சும் கொம்பு நீண்டிருந்தால் கைக்கு வெளியே துருத்தும். கொம்புகளுக்கு இடையிலுள்ள அகலம் 18, 20, 22 மி.மீ. என்று முழு இரட்டை எண்ணாக இருந்தால் பட்டை எங்கும் கிடைக்கும். 19, 21 என்றால் தேடி அலையவேண்டி வரும்.

₹1,500-க்குள் என்றால் காசியோவின் டிஜிட்டல் ரகங்களைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. எஃப்-91டபிள்யூவின் எடை 21 கிராம். செல் சுமார் 7 ஆண்டு வரும். இதிலும் போலி தாராளம். நேரம் காட்டும் நிலையில் வலப்பக்கமுள்ள ஒரே பொத்தானை 3 நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் ஆங்கிலத்தில் காசியோ என்ற எழுத்துகள் வரவேண்டும். வராவிட்டால் போலி. வந்தது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவு கட்டாமல், பின்மூடியில் 593 என்ற மாட்யூல் எண் தெளிவாகப் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முள் வாட்ச் வேண்டும், அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒன்றே போதும் என்றால் டைட்டன் குவார்ட்ஸ் நல்ல தேர்வு. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய நிறுவனம் அது, தொழிற்சாலை ஓசூரில். சிறிய ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும் என்பதே அதன் பெரிய பலம். 2002-இல் வந்த டைட்டன் எட்ஜின் மெஷின் 1.15 மி.மீ. தடிமன்தான்; மெல்லிய வாட்ச் பிடித்தவர்களுக்கு அந்த வரிசை இன்றும் பார்க்கத்தக்கது.

செல்லே வேண்டாம் என்பவர்களுக்கு சீக்கோ 5. ₹25,000–30,000 அளவில் இப்போது வரும் ரகங்களில் 4ஆர்36 மெஷின் இருக்கிறது. பக்கத்திலுள்ள சாவித் திருகை (கிரௌன்) இழுத்தால் நொடி முள் நிற்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். பழைய கையிருப்பிலும் பழைய சந்தையிலும் கிடைப்பது 7எஸ்26. அதில் இந்த இரண்டு வசதியும் கிடையாது; நின்றுபோனால் ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். ஆனால் மெஷின் முரட்டு உழைப்பாளி.

தண்ணீர் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். எந்த எண்ணாக இருந்தாலும் வெந்நீர்க் குளியல் கூடாது. சூட்டில் ரப்பர் வாஷரும் உலோகமும் வெவ்வேறு அளவில் விரியும், அந்த இடுக்கில் நீராவி நுழையும். கண்ணாடிக்குள் பனி படிந்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். காய்ந்துவிட்டதே என்று விட்டால் ஒரு மாதத்தில் முள்ளிலும் மெஷினிலும் துரு தெரியும்.

செல் மாற்றுவது

முள் வாட்ச்சில் நொடி முள் நொடிக்கொரு முறை நகராமல் 2 அல்லது 4 நொடியாகத் தாவினால், அது பழுது இல்லை. செல் தீரப்போகிறது என்று மெஷினே சொல்லும் அடையாளம். பல குவார்ட்ஸ் மெஷின்களில் இது உண்டு. வீட்டிலேயே மாற்றலாம்:

1. பின்மூடியின் விளிம்பில் சிறு பள்ளம் இருந்தால் அது அழுத்து மூடி. வாட்ச் கத்தியை அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருகினால் திறக்கும். ஓரத்தில் ஆறேழு வெட்டுகள் இருந்தால் திருகு மூடி; அதற்குத் தனிச் சாவி வேண்டும். கத்தரிக்கோல் முனையால் முயன்றால் மூடியில் கோடு விழும், கையிலும் குத்தும்.

2. பழைய செல்லின் மேலுள்ள எண்ணைப் படியுங்கள். 377 என்றாலும் எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்றாலும் ஒன்றே. 371 என்பது எஸ்ஆர்920எஸ்டபிள்யூ. எஸ்ஆர் என்று தொடங்கினால் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. அதே அளவில் எல்ஆர் அல்லது ஏஜி என்று தொடங்கும் அல்கலைன் செல் மலிவு. வோல்ட் படிப்படியாக இறங்கி வாட்ச் தாமதமாகும். தீர்ந்தபின் கசிந்து மெஷினின் செப்புக் கம்பிச் சுருளை (காயில்) தின்றுவிடும். கடையில் கொடுத்து மாற்றினாலும் எஸ்ஆர் செல் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள்.

3. செல்லை பிளாஸ்டிக் சாமணத்தால் எடுங்கள். உலோகச் சாமணம் இரு முனையையும் ஒன்றாகத் தொட்டால் புதுச் செல் அங்கேயே இறங்கிவிடும். பக்கத்தில் தலைமயிர்போல் செப்புக் கம்பி சுற்றியிருப்பதுதான் காயில். அதில் சாமணம் பட்டு அறுந்தால் மெஷினையே மாற்ற வேண்டியதுதான்.

4. காசியோ எஃப்-91டபிள்யூவில் நான்கு சிறு திருகுகள்; செல் சிஆர்2016. புதுச் செல் போட்டபின், மெஷினில் ஏசி என்று ஆங்கிலத்தில் எழுதிய புள்ளியையும் செல்லின் மேல்பக்கத்தையும் உலோகச் சாமணத்தால் 2 நொடி சேர்த்துத் தொடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் உலோகம் வேண்டும். இதைச் செய்யாவிட்டால் திரை வெறுமையாகவோ குழம்பியோ நிற்கும். புதுச் செல்லே கெட்டது என்று நினைத்துத் தூக்கிப்போடுகிறவர்கள் ஏராளம்.

5. வாஷரில் சிலிக்கோன் கிரீஸை விரல்நுனியளவுகூட வேண்டாம், மெல்லிய பூச்சாகத் தடவி, காடியில் சரியாக உட்காரவைத்து மூடுங்கள். அழுத்து மூடி ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் கையால் பலம் காட்டாதீர்கள், கண்ணாடி உடையும். அழுத்தும் கருவி உள்ள கடையில் கொடுத்தால் நிமிட வேலை.

ஓடாத வாட்ச்சில் பழைய செல்லை விட்டுவைக்காதீர்கள். அலமாரியில் வைக்கப்போகிற வாட்ச்சின் செல்லை எடுத்துவிட்டு வையுங்கள்.

வியர்வை, காந்தம், தேதி

நம் ஊர் வியர்வையின் உப்பு, முலாம் பூசிய பித்தளைக் கேஸை ஓராண்டில் கொம்பின் அடியில் பச்சையாக்கிவிடும். கழற்றியதும் ஈரத்துணியால் துடைப்பது மட்டுமே போதுமான மருந்து. தோல் பட்டை கோடையில் ஆறு மாதம் தாண்டினாலே அதிகம். ஏப்ரல் முதல் ஜூன்வரை ரப்பருக்கோ நைலானுக்கோ மாறுங்கள். ஸ்டீல் செயினை மட்டும் தனியே கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத்பிரஷும் கொண்டு தேய்க்கலாம். மறக்கக்கூடாதது பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின். வாட்ச் கீழே விழுவது பெரும்பாலும் இந்தச் சிறு பின் துருப்பிடித்து ஒடிவதால்தான். பட்டை மாற்றும்போதெல்லாம் பின்னையும் மாற்றிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக் வாட்ச் ஒருநாள் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கினால், முதல் சந்தேகம் காந்தம். ஸ்பீக்கர், டேப்லெட் உறை, கைப்பையின் காந்தப் பூட்டு எதுவும் போதும். சமநிலைச் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய ஸ்பிரிங்கான தலைமயிர்ச் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் சமநிலைச் சக்கரம் வேகமாகத் துடிக்கிறது. சிறிய காந்தநீக்கிக் கருவியில் சில நொடி காட்டினால் சரியாகிவிடும். இதற்கு ‘முழு சர்வீஸ்’ என்று பணம் கேட்டால் வேறு கடை பாருங்கள்.

இரவு 9 மணி முதல் காலை 3 மணிவரை தேதியை வேகமாக மாற்றக்கூடாது. அந்த நேரத்தில் தேதியை நகர்த்தும் பல் ஏற்கெனவே தேதித் தட்டைப் பிடித்திருக்கும்; நீங்கள் எதிர்த்துத் திருப்பினால் பல் வளையும், அல்லது ஒடியும். நின்றுபோன வாட்ச் காட்டும் நேரம் பகலா இரவா என்று தெரியாது. எனவே முதலில் முள்ளைச் சுற்றித் தேதி மாறும் நொடியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து 6 மணிக்குக் கொண்டுவந்து, அப்புறம் தேதியை மாற்றுங்கள்.

சீக்கோ 5-இன் 7எஸ்26 தேய்ந்துபோனால், அதே குடும்பத்தைச் சேர்ந்த என்எச்36 மெஷினை அதே கேஸில் உட்காரவைக்கலாம். பழைய மெஷினைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போடுவதற்கு ஆகும் கூலியும் புது மெஷின் விலையும் பல ஊர்களில் ஏறக்குறைய ஒன்றுதான். தினசரி வாட்ச்சில் இதைச் செய்யத் தயங்கவே வேண்டாம். அடுத்து வரும் வகையில் இதையே செய்தால் அது கொலை.

எச்.எம்.டி.: எல்லையில் நிற்கும் வாட்ச்

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கியது எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு. அந்தத் தொழிலை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. அதற்குப் பிறகு அதன் ஜனதா, பைலட், கோஹினூர், காஞ்சன் ரகங்கள் எல்லாம் திடீரென்று தேடப்படும் பொருளாகின. தேவை கூடியதும் பழைய வாட்ச்களைப் புதுப்பித்து விற்கும் தொழில் பெருகியது.

இணையத்தில் ₹1,500-க்கு ‘பயன்படுத்தாத பழைய கையிருப்பு’ என்று பளபளக்கும் பைலட்டில் பெரும்பாலானவை இப்படித் தயாரானவைதான். டயலைச் சுரண்டிப் புதிதாக அச்சடிக்கிறார்கள். தேய்ந்த கேஸைப் பாலீஷ் போட்டு முலாம் பூசுகிறார்கள். கிடைத்த முள்ளை மாட்டுகிறார்கள். மெஷினைக் கழுவாமலே மூடுகிறார்கள். கண்டுபிடிக்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். தொழிற்சாலை அச்சில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். மறு அச்சில் ‘17 ஜுவல்ஸ்’, ‘பாரா ஷாக்’ போன்ற சிறு எழுத்துகள் மை ஊறியதுபோல் தடித்திருக்கும், வரி சற்றுச் சாய்ந்திருக்கும், நிமிடக்கோடு மணிக்குறியோடு ஒத்துப்போகாது. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஊதா டயல்களைக் கண்டாலே விலகிவிடுங்கள். கொம்புகளின் ஓரம் உருண்டு வழுவழுப்பாக இருந்தால் பலமுறை பாலீஷ் கண்டது. பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; மெஷினில் எச்.எம்.டி. எழுத்து இல்லாவிட்டாலோ, திருகுகளின் தலை சிதைந்திருந்தாலோ வேண்டாம்.

ஓட்டத்தையும் பாருங்கள். சாவி கொடுக்கும் வாட்ச் முழுதாக நின்ற நிலையிலிருந்து இருபது முப்பது சுற்றில் கெட்டியாக நிற்கவேண்டும். எவ்வளவு சுற்றினாலும் முடியவில்லை என்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது அல்லது வழுக்குகிறது. கடையில் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருந்தால் முழுச் சாவியில் வாட்ச்சை மல்லாக்க வைத்துப் பாருங்கள். சமநிலைச் சக்கரம் சுழலும் வீச்சு 270 டிகிரிக்கு அருகில் இருந்தால் ஆரோக்கியம். 200-க்குக் கீழே போனால் எண்ணெய் காய்ந்துவிட்டது.

டயலில் பழுப்பேறி, கண்ணாடியில் கீறலோடு, முன்னாள் சொந்தக்காரர் வீட்டிலிருந்தே வரும் எச்.எம்.டி.யைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அக்ரிலிக் என்பதால் கீறலைப் பாலிவாட்ச் பசையால் ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும். டயலைத் துடைக்கவே வேண்டாம். ஈரப் பஞ்சு பட்டாலும் பழைய எழுத்து கையோடு வந்துவிடும்.

லட்ச ரூபாய் வாட்ச்

இங்கே நீங்கள் பணம் கொடுப்பது நேரத்துக்கு இல்லை; அசல்தன்மைக்கு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது. அவர் பெயராலேயே அழைக்கப்படும் டயல் வகை இருந்தால், அதே கேஸும் மெஷினும் உள்ள சாதாரண டயல் டேடோனாவைவிட விலை பல மடங்கு. மெல்லிய ஒரு தட்டுக்கு அவ்வளவு விலை என்றால், அந்தத் தட்டைப் போலியாகச் செய்ய எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் அசல், நின்று நின்று போனால் போலி என்ற பழைய விதியை மறந்துவிடுங்கள். ரோலக்ஸே 1977 முதல் 2001 வரை ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற செல் வாட்ச்சை விற்றது. மறுபுறம், ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று விற்கும் போலிகளில் இப்போது ஆட்டோமேட்டிக் மெஷின்தான். கண்ணாடியில் 6 மணி இடத்திலுள்ள லேசர் கிரீடத்தையும் அவர்கள் செய்கிறார்கள். மூடியைத் திறந்து மெஷினைப் பார்க்காத எந்தச் சோதனையும் அரைச் சோதனைதான்.

பழைய வாட்ச்சில் நல்ல சோதனை ஒன்று உண்டு. டயலின் அடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தோடு 25 என்று குறித்திருந்தால், இருட்டில் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். 1990-களின் இறுதிவரை அதுதான் வழக்கம். டிரிட்டியத்தின் வீரியம் சுமார் 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே 1970-களின் வாட்ச்சில் 8 சதவீதத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருக்கும். விளக்கை அணைத்ததும் அது பளிச்சென்று ஒளிர்ந்தால் யாரோ புதுப் பூச்சு போட்டிருக்கிறார்கள். புற ஊதா டார்ச்சில் டயலும் முள்ளும் வெவ்வேறு நிறத்தில் மின்னினாலும் முள் மாறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கேஸில் பார்க்க வேண்டியது கொம்பின் ஓரச் சரிவு. தொழிற்சாலையில் வெட்டிய அந்தக் கூர்க்கோடு நான்கு கொம்பிலும் ஒரே அகலத்தில் இருக்கவேண்டும். பாலீஷ் போட்டுப் போட்டு ஒரு கொம்பு மெலிந்திருந்தால் அந்த உலோகம் திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் கீறலை மன்னிப்பார்கள், உருண்ட கொம்பை மன்னிக்கமாட்டார்கள்.

பெட்டி, கார்டு, பழைய பில் எல்லாம் விலையைக் கூட்டும். ஆனால் காகிதம் வாட்ச்சை அசலாக்காது. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் ஸ்விஸ் பிராங்கைத் தாண்டி விற்ற 1950-களின் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, பல வாட்ச்களின் பாகங்களைக் கோத்துக் கட்டியது என்று 2023-இல் ஒமேகாவே அறிவித்தது. அதை ஏலத்தில் எடுத்ததும் ஒமேகாதான். கேஸ் எண், மெஷின் எண், டயல் வகை மூன்றும் ஒரே காலத்தவையா என்று தனித்தனியே ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒன்று பொருந்தவில்லை என்றால் விலை பேசவே வேண்டாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போதுதான் பெரிய இழப்பு நடக்கிறது. ரோலக்ஸ் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறையும், ஒமேகா 5 முதல் 8 ஆண்டுக்கு ஒருமுறையும் சர்வீஸ் செய்யச் சொல்கின்றன. ஒருமுறைக்கு ஆகும் செலவில் டஜன்கணக்கில் காசியோ வாங்கலாம். வாங்கும் அன்றே இதையும் கணக்கில் சேருங்கள். நிறுவனத்தின் சர்வீஸ் மையத்துக்கு வாட்ச் புதிதுபோல் திரும்பவேண்டும் என்பதே குறி. மங்கிய டயல், முள், கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசல் எல்லாவற்றையும் மாற்றித் தருவார்கள். எனவே ஜாப் கார்டிலேயே எழுத்தில் வாங்குங்கள்: பாலீஷ் வேண்டாம், டயல், முள், பெசல் மாற்றக்கூடாது, மாற்றும் எந்தப் பாகத்தையும் திருப்பித் தரவேண்டும். பழைய பாகத்தைத் தரமுடியாது என்றால், வாட்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டு தனித்து வேலை செய்யும் அனுபவமுள்ள மெக்கானிக்கைத் தேடுங்கள்.

முதலீடு என்று சொல்லி விற்பவரிடம் எச்சரிக்கை தேவை. ரோலக்ஸ், படேக் பிலிப், ஆடமார் பிகே நிறுவனங்களின் சில ஸ்டீல் ரகங்களைத் தவிர, பெரும்பாலான ஆடம்பர வாட்ச்கள் கடையை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்கும். அந்தச் சில ரகங்களும் 2022 தொடக்கத்தில் உச்சம் தொட்டு அப்புறம் சரிந்தன. வாங்குவது என்றே முடிவு செய்தால், சர்வீஸ் ஆன பழையதை வாங்குவது லாபம். முதல் இறக்கத்தை முன்னவர் ஏற்றிருப்பார்.

பணம் கொடுக்கும் முறையில் இரண்டு விஷயம். ஒரே பரிவர்த்தனையில் ₹2 லட்சமோ அதற்கு மேலோ விற்பவர் ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி கூடாது, அபராதம் அவருக்கு. 2025 ஏப்ரல் 22 முதல் ₹10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு விற்பவர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார். அது கூடுதல் வரி இல்லை. உங்கள் பான் எண்ணில் வரவு வரும், கணக்குத் தாக்கலின்போது கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வாங்கி வருகிறவர்கள் கையில் கட்டிவந்தால் கேட்கமாட்டார்கள் என்று நம்பி, சுங்கத்தில் அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடக்கவேண்டாம்; சுங்கத்தில் பிடிபட்டால் வரியோடு அபராதமும் வரும், வாட்ச்சும் பறிமுதலாகலாம். இங்கிருந்து ஏற்கெனவே சொந்தமான வாட்ச்சைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறவர்கள், போகும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கி, வரிசை எண்ணை அதில் குறிக்கச் சொல்லிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.